பொருளுக்கு மூணு ஸ்டார், பிளானுக்கு ஒண்ணு கூட இல்ல: ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனி ரிவ்யூ

கம்பெனி பேரு போடல. போட்டா நாளைக்கே சில்வர், பிளாட்டினம்னு ரேங்க் வச்சிருக்கற யாராவது போன் பண்ணி "மேடம் உங்களுக்கு பிளான சரியா காட்டல போல, ஒரு பத்து நிமிஷம் குடுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க, அந்த பத்து நிமிஷம் எப்பவுமே ஒன்றரை மணி நேரம். தவிர இது ஒரே ஒரு கம்பெனியோட கதையும் இல்ல, திருச்சில எங்க ஏரியாவுலயே இப்படி மூணு கம்பெனி ஆளுங்க இருக்காங்க, டப்பா கலர் தான் வேற, போர்டுல வரையற வட்டம் எல்லாருக்கும் ஒண்ணு தான்.

நான் ஐடி போட்டது, அதாவது மெம்பரா சேந்தது, பொருள் வாங்க மட்டும். முன்னாடி ஆபீஸ்ல என்கூட இருந்த அக்கா ஒருத்தங்க வேலைய விட்டுட்டு இதுல முழுசா இறங்கிட்டாங்க, "நீ ஆளே சேக்க வேணாம்டி, ஐடி இருந்தா எம்ஆர்பில குறைச்சு கிடைக்கும், வாங்கிக்கோ போதும்"னாங்க. ஆதார், பேன், பாஸ்புக் முதல் பக்கம் குடுத்தேன், ஐடி வந்துச்சு, சேர்றதுக்குன்னு ஒரு பைசா கட்டல. கட்டவும் கூடாது. 2016ல மத்திய அரசு கொண்டு வந்த டைரக்ட் செல்லிங் வழிகாட்டுதல்லயே சேர்றதுக்கு கட்டணம் வாங்கக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதனால இப்ப யாரும் "ஜாயினிங் ஃபீஸ்"னு வாய்விட்டு கேக்கறதில்ல, "ஸ்டார்ட்டர் பேக்கேஜ்"னு சொல்லி எட்டாயிரத்துக்கோ பதினைஞ்சாயிரத்துக்கோ பொருள எடுக்க வைப்பாங்க. பேரு தான் மாறுது, உங்க கைல இருந்து போற காசு மாறல. எனக்கும் கேட்டாங்க, வேணாம்னேன், அக்கா அதுக்கு மேல வற்புறுத்தல. எல்லாருக்கும் இப்படி அக்கா அமையாது.

சரி பொருளுக்கு வரேன், ஏன்னா நிறைய பேர் எம்எல்எம்னாலே (நெட்வொர்க் மார்க்கெட்டிங்கோட இன்னொரு பேரு) பொருள் டுபாக்கூர்னு நினைக்கறாங்க, அது நியாயமில்ல. பாத்திரம் தேய்க்கற லிக்விட் உண்மையாவே நல்லா இருக்கு. கெட்டியா இருக்கும், தண்ணில கலந்து தான் ஊத்தணும், மீன் பொரிச்ச கடாய் கூட ஒரே தேய்ப்புல போகுது, கையும் எரியல. விலைய பாத்தா பகீர்னு இருக்கும், ஆனா கலந்து உபயோகிச்சா கடை லிக்விட் விலைக்கு கிட்டத்தட்ட வந்து நிக்குது, கொஞ்சம் கூட தான், பரவால்ல. டூத்பேஸ்ட் சாதாரணம், கடைல கிடைக்கறத விட பெருசா ஒண்ணும் இல்ல. தேங்காயெண்ணெய் பேஸ்ல ஒரு சோப்பு இருக்கு, என் மாமியாருக்கு பிடிச்சிருக்கு, அவங்களுக்கு ஒரு பொருள் பிடிக்கறதே அபூர்வம்.

புரோட்டீன் பவுடர் தான் பிரச்சன. இந்த கம்பெனிக்கு சோறு போடறதே அது தான், எல்லா மீட்டிங்லயும் அதையே தூக்கிப் பிடிப்பாங்க. 500 கிராம் டின், ஐடி விலை 1,900 ரூபா, பத்து கிராம் பவுடர்ல எட்டு கிராம் புரதம்னு லேபிள் சொல்லுது. அப்ப முழு டின்லயும் 400 கிராம் புரதம், ஒரு கிராம் புரதத்துக்கு நாலே முக்கால் ரூபா. ஒரு முட்டைல சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கு, முட்டை ஏழு ரூபான்னே வச்சாலும் கிராமுக்கு ஒண்ணேகால் ரூபா கூட வரல. பொட்டுக்கடலைய கணக்கு போட்டா இன்னும் கேவலமா போகும். இத நான் அக்காகிட்ட சொன்னப்ப "இது பிளான்ட் புரோட்டீன்டி, வேற லெவல்"னாங்க, பொட்டுக்கடலை என்ன கோழியா போடுதுன்னு கேட்டேன், சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

இன்னொரு விஷயம், அந்த டின்ன திருப்பிப் பாருங்க, சின்ன எழுத்துல மருந்தா பயன்படுத்த அல்லன்னு ஆங்கிலத்துல போட்டிருக்கும், இந்த மாதிரி சப்ளிமென்ட்ல அத போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதியே இருக்கு. ஆனா மீட்டிங்ல மைக் புடிச்சா கதையே வேற. சுகர் நார்மல் ஆயிடுச்சு, தைராய்டு மாத்திரைய நிறுத்திட்டேன், மூட்டு வலி போச்சுன்னு வரிசையா எழுந்து சொல்றாங்க. சர்க்கரை நோய குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குற்றம், டப்பால அச்சடிச்சா கம்பெனி மாட்டும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாயால சொன்னா யாரு கேக்கறது. எனக்கு இதுல காசு விஷயத்த விட இது தான் ரொம்ப பயம், மாத்திரைய நிறுத்திட்டு பவுடர் கரைச்சு குடிக்கற ஒரு தாத்தாவ அந்த ஹால்லயே பாத்தேன், பெருமையா சொன்னாரு.

அப்புறம் அந்த டெமோ. கண்ணாடி டம்ளர்ல தண்ணி, அதுல நாலு சொட்டு பெட்டாடைன், தண்ணி கஷாயம் மாதிரி கறுத்துடும், "இது தாங்க நம்ம உடம்புல இருக்கற டாக்ஸின்"னு சொல்லிட்டு அவங்க மாத்திரைய பொடி பண்ணி போடுவாங்க, ரெண்டு கலக்கு, தண்ணி பளிங்கு மாதிரி தெளிஞ்சிடும். ஹால் முழுக்க கைதட்டு. வீட்டுக்கு வந்து மெடிக்கல் ஷாப்ல சில்லறைக்கு கிடைக்கற சப்பற வைட்டமின் சி மாத்திரைய போட்டு பாத்தேன், அதே தெளிவு, அதே வேகம். வைட்டமின் சி பட்டா அயோடின் நிறம் போயிடும், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் சமாச்சாரம், உடம்புக்கும் டாக்ஸினுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் பையன் அத ஸ்கூல் எக்ஸிபிஷன்ல செஞ்சு காட்டறேன்னு கிளம்பிட்டான்.

இப்ப பிளான். கல்யாண மண்டபத்தோட மினி ஹால், ஞாயித்துக்கிழமை காலைல, வாசல்லயே கோட்டு போட்ட தம்பி ஒருத்தன் "வாங்க லீடர்"னு கை குடுக்கறான், சித்திரை வெயில்ல கோட்டு. உள்ள வெள்ளை போர்டு. நடுவுல ஒரு வட்டம், "நீங்க". கீழ ஆறு வட்டம். அந்த ஆறுக்கும் கீழ ஆறு ஆறு. கீழ போகப் போக தொகை ஏறுது, அஞ்சாவது வரிசைல காரு, ஏழாவது வரிசைல மலேசியா. யாருங்க அந்த ஆறு பேருன்னு நம்ம யோசிக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிடறாங்க, "வீட்ல மொய் நோட்டு இருக்கா? அத எடுங்க, உங்க லிஸ்ட் ரெடி". கேட்டப்ப எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு, ஆனா தொழில் தெரிஞ்ச ஆளுன்னு ஒத்துக்கணும். நமக்கு செஞ்சவங்க, நாம செய்ய வேண்டியவங்க எல்லாரும் பேரும் ஊருமா அந்த நோட்டுல தான இருக்காங்க, முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல முடியாத ஜனங்க.

அந்த ஆறு ஆறா போற கணக்க போர்டுல அவங்க நிறுத்தற இடத்துக்கு மேல நான் போன்ல போட்டுப் பாத்தேன். ஒருத்தர்ல ஆரம்பிச்சு பத்தாவது வரிசை வரைக்கும் மொத்தமா கூட்டினா 7 கோடியே 25 லட்சத்து சொச்சம். 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம் தான். அதாவது கைக்குழந்தை, முதலமைச்சர், ஜெயில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் ஐடி போட்டாலும் பத்தாவது வரிசை ரொம்பாது, அப்படியே ரொம்புச்சுன்னு வச்சாலும் அந்த கடைசி வரிசைல மட்டும் ஆறு கோடி பேருக்கு மேல, அவங்களுக்கு கீழ சேக்க ஒரு ஆள் கிடையாது. ஆறுல அஞ்சு பேர் எப்பவும் கடைசி வரிசைல தான் நிப்பாங்க, எத்தனை வரிசைல நிறுத்தினாலும் இதே விகிதம் தான். இதுக்கு உழைப்பு, பாசிட்டிவ் திங்கிங், காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கறது எதுவும் உதவாது. பைனரின்னு சொல்ற லெஃப்ட் ரைட் பிளான்ல ஆளு ரெண்டு ரெண்டா போகும், ரெண்டு பக்கமும் மேட்சிங் ஆகணும், ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தா காசு வராது, அதுக்கு மேல ஒரு நாளைக்கு இவ்வளவு தான்னு டெய்லி கேப்பிங் வேற. குழப்பறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அடில கணக்கு ஒண்ணு தான்.

ஆனா இத விட முக்கியமான கணக்கு ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசறதில்ல. நீங்க "ஆக்டிவ்"வா இருக்கணும்னா மாசா மாசம் இத்தனை பாயிண்டுக்கு நீங்களே வாங்கணும். நான் பாத்த பிளான்ல அது கிட்டத்தட்ட 3,000 ரூபா. உங்களுக்கு கீழ ஆறு பேர், ஆறு பேரும் ஒழுங்கா 3,000க்கு வாங்கறாங்கன்னு வைங்க (நடக்காது, சும்மா வைங்க). உங்களோடதும் சேத்து மொத்தம் 21,000. அந்த வால்யூமுக்கு 9 சதவீதம்னா 1,890. அதுல அந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு 5 சதவீதம், 150 ரூபா, ஆக 900 போகும். உங்க கைக்கு 990. ஆறு பேர சேத்து, அவங்கள மாசா மாசம் ஞாபகப்படுத்தி, போன் பண்ணி, பொருள் வரலன்னா சண்டை வாங்கி, 3,000 ரூபா செலவு பண்ணி 990 வாங்கறீங்க. இதுல கமிஷன் போடறது நீங்க குடுத்த விலை மேல கூட இல்ல, அதுக்குன்னு தனியா பாயிண்ட் வேல்யூ, பிசினஸ் வால்யூம்னு ஒரு குறைஞ்ச நம்பர் இருக்கு, அதனால 990 கூட முழுசா வராது. பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், மண்டபத்துல டீ இதெல்லாம் நான் சேக்கவே இல்ல.

அப்ப நிஜமா பாத்தா நீங்க பிசினஸ்மேன் இல்ல, கஸ்டமர். கம்பெனிக்கு ரொம்ப விசுவாசமான, கடைக்கு போகாத, விலை பேசாத, தன் செலவுலயே விளம்பரம் பண்ற கஸ்டமர். நான் இத கோவத்துல சொல்லல, உலகத்துல இந்த தொழில் மேல நடந்த பெரிய கேஸ் எல்லாமே கடைசில இந்த ஒரு கேள்வில தான் வந்து நின்னிருக்கு: பொருள வெளி ஆளு வாங்கறானா, இல்ல சேந்தவனே வாங்கிக்கறானா. 1979ல அமெரிக்காவுல ஆம்வே மேல நடந்த வழக்குல அது பிரமிட் (ஆள் சேக்கறத வச்சே காசு ஓடற மோசடி) இல்லன்னு அந்த ஊர் வர்த்தக ஆணையமான எஃப்டிசி தீர்ப்பு சொன்னதுக்கே முக்கிய காரணம் அவங்க வச்சிருந்த விதிகள் தான், வாங்கின பொருள்ல 70 சதவீதத்த விக்கணும், மாசம் பத்து கஸ்டமருக்காவது வித்திருக்கணும், மிஞ்சினத திருப்பி எடுத்துக்கணும்னு. வருமானத்த மிகைப்படுத்தி சொல்லக்கூடாதுன்னு அப்பவே கண்டிச்சும் விட்டாங்க. 2016ல இதே மாதிரி இன்னொரு கம்பெனியான ஹெர்பலைஃப் 20 கோடி டாலர் கட்டி அதே எஃப்டிசி கூட செட்டில் பண்ணப்பவும் போட்ட கண்டிஷன் என்னன்னா, அமெரிக்காவுல குடுக்கற கமிஷன்ல மூணுல ரெண்டு பங்காவது நிஜ விற்பனைய வச்சு குடுக்கணும், சொந்தமா வாங்கிக்கறதுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல கணக்கு கிடையாது. அடுத்த வருஷம் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பேருக்கு செக் அனுப்பினாங்க.

நம்ம ஊர் பக்கம் வந்தா, திண்டுக்கல் நிலக்கோட்டைல ஆம்வேவோட பெரிய ஃபேக்டரி இருக்கறது நிறைய பேருக்கு தெரியும். 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை முடக்கின 757 கோடி ரூபா சொத்துல அந்த இடமும் கட்டடமும் சேத்தி. அப்ப அவங்க வெளியிட்ட அறிக்கைல 2002-03ல இருந்து 2021-22 வரைக்கும் கம்பெனி வசூல் 27,562 கோடி, அதுல கமிஷனா போனது 7,588 கோடின்னு சொல்லியிருந்தாங்க. இது ஏஜென்சி வச்ச குற்றச்சாட்டு, விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம்னு கம்பெனி சொல்லிச்சு, யாரு சரின்னு சொல்றது என் வேலை இல்ல. நான் பாத்தது அந்த விகிதத்த மட்டும் தான், நூறு ரூபால இருபத்தேழு ரூபாக்கு மேல கமிஷன். டின் விலை ஏன் அப்படி இருக்குன்னு எனக்கு அப்ப தான் உறைச்சுது. "விளம்பரச் செலவு இல்ல, நடுவுல கடைக்காரர் இல்ல, அந்த லாபம் உங்களுக்கே"ன்னு மேடைல சொல்றாங்களே, கடைக்காரர் இல்ல சரி, அவருக்கு பதிலா நடுவுல ஏழு அப்லைன், அதாவது நமக்கு மேல சேந்தவங்க, உக்காந்திருக்காங்க.

பொருளே இல்லாம, இல்ல பேருக்கு ஒரு பொருள வச்சு ஓட்றவங்கள நான் இங்க கணக்குலயே எடுத்துக்கல. விளம்பரம் பாத்தா காசு, ஆள் சேத்தா அதுக்கு மேல காசுன்னு ஒரு கம்பெனிக்கு ஆதரவா 2024 ஜனவரில கோயம்புத்தூர் நீலாம்பூர் பைபாஸ்ல ஆயிரக்கணக்குல ஜனங்க கூடினாங்களே, நியூஸ்ல பாத்திருப்பீங்க. போலீஸ் கேஸ் போட்ட கம்பெனிக்கு காசு கட்டினவங்களே ஆதரவா வந்து நிக்கறாங்க. ஏன்னா கம்பெனி மூடிட்டா போட்ட காசும் போச்சு, சேத்து விட்டவங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, அந்த பயம். ஆள் சேக்கறதுக்கே காசுன்னு இருந்தா அது 1978 சட்டப்படியே தடை, 2021 டிசம்பர்ல வந்த டைரக்ட் செல்லிங் விதிகள்லயும் பிரமிட் கூடாதுன்னு திரும்ப போட்டிருக்காங்க.

நல்லத சொல்லாம விட்டா ரிவ்யூ ஆகாது. அக்கா காசு பாக்கறாங்க. பெரிய தொகை இல்ல, ஆனா மாசா மாசம் வீட்டுக்கு ஒரு அளவுக்கு வருது, அவங்களே நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, காட்டினாங்க. எப்படின்னு பாத்தா ரெண்டு லாட்ஜுக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் பாத்திர லிக்விட் கேன் கேனா போடறாங்க, ஒரு பியூட்டி பார்லருக்கு கிரீம் ரெகுலரா போகுது, இவங்க யாருக்கும் ஐடி கிடையாது, பில்லு போட்டு காசு வாங்கிட்டு வராங்க. டிவிஎஸ் எக்ஸ்எல்ல முன்னாடி கேன் வச்சுக்கிட்டு போற ஆளு அவங்க. அவங்க டவுன்லைன்ல, அதாவது அவங்களுக்கு கீழ, இருக்கற முக்கால்வாசி பேர் ஐடி செத்துப் போச்சு, அதுல இருந்து ஒண்ணும் வரல. ஆக அவங்க பண்றது பழைய ஏஜென்சி வியாபாரம், அலைஞ்சு விக்கறாங்க, மார்ஜின் எடுக்கறாங்க. அந்த மாதிரி விக்க தெம்பு இருந்தா தாராளமா இறங்கலாம், ஆனா ஒரு கேள்வி, அந்த தெம்பு இருந்தா ஹோல்சேல்ல பினாயிலும் சோப் ஆயிலும் எடுத்து வித்தா மார்ஜின் இதவிட கூட நிக்குமே. அக்காகிட்டயே கேட்டேன். "அங்க யாரும் மேடை ஏத்தி சால்வை போட மாட்டாங்கடி"ன்னாங்க. விளையாட்டா சொன்னாங்களா நிஜமா சொன்னாங்களான்னு தெரியல, ஆனா அதுல விஷயம் இருக்கு. வீட்டுக்காரர் முன்னாடி கூட சத்தமா பேசாத பொம்பளைங்க அந்த ஹால்ல மைக் புடிச்சு பேசறத நான் பாத்திருக்கேன், அது காசுக்கு வராத லாபம், அத நான் கேலி பண்ண மாட்டேன். அதே மைக்குல தான் சுகர் குணமாச்சுன்னும் சொல்றாங்க, அது தான் கஷ்டமா இருக்கு.

நஷ்டம்னா எல்லாரும் ரூபாயத்தான் சொல்லுவாங்க. ஸ்டார்ட்டர் பேக்கேஜ் பதினைஞ்சாயிரம் போனா ஒரு வருஷத்துல மறந்துடலாம். எங்க சொந்தத்துல ஒரு தம்பி, எம்பிஏ முடிச்சுட்டு வேற ஒரு கம்பெனில ஐடி போட்டான், மூணே மாசத்துல அவன் போன் வந்தா சித்தப்பா பெரியப்பா யாரும் எடுக்கறதில்ல. நல்ல பையன். வளைகாப்புக்கு வந்தா கூட "மாமா, ஒரு அஞ்சு நிமிஷம், உங்க ரிட்டயர்மென்டுக்கு என்ன பிளான்"னு ஆரம்பிச்சுடுவான், பந்தில பக்கத்துல உக்கார ஆள் இல்ல. "நெகட்டிவ் ஆளுங்கள விட்டு விலகி இருங்க"ன்னு அவங்க ட்ரெயினிங்லயே சொல்லிக் குடுத்துடறாங்க, அதனால யாராவது அக்கறையா கேட்டா கூட அவன் காதுல விழாது. இப்ப அதுல இல்ல, கூரியர் ஆபீஸ்ல இருக்கான், ஆனா இன்னமும் அவன் யாருக்காவது போன் பண்ணா முதல் ரிங்ல எடுக்கறவங்க கம்மி தான்.

ரேட்டிங் கேப்பீங்க. பாத்திர லிக்விட் நாலு ஸ்டார், சோப்பு மூணு, பேஸ்ட் ரெண்டு, புரோட்டீன் பவுடர் விலைக்கு ஒண்ணு. மொத்தமா பொருளுக்கு மூணு. மீட்டிங்ல ஏசி நல்லா இருந்துச்சு. பிளானுக்கு ஸ்டார் போட மனசு வரல.

ஏற்கனவே சேந்துட்டு வெளிய வரணும்னு நினைக்கறவங்களுக்கு மட்டும். முதல்ல அந்த ஆட்டோ ஆர்டர் மாதிரி எதாவது ஓடுதான்னு ஆப்ல பாத்து நிறுத்துங்க. சேரும்போது ஓகே ஓகேன்னு தட்டின ஒப்பந்தத்த டவுன்லோட் பண்ணி கூலிங் ஆஃப் (சேந்தத ரத்து பண்ணிக்கற அவகாசம்) எத்தனை நாள், பைபேக் (பொருள கம்பெனி திருப்பி எடுத்துக்கறது) எத்தனை நாள்னு பாருங்க, அதுக்குள்ள இருந்தீங்கன்னா பிரிக்காத பொருள திருப்பிக் குடுக்கலாம். அப்லைன் கிட்ட வாய்ல சொல்லாதீங்க, அவங்க இன்னொரு மீட்டிங்குக்கு கூட்டிட்டு போவாங்க, நேரா கம்பெனிக்கு மெயில் போடுங்க, பில்ல போட்டோ எடுத்து அதுலயே சேத்து விடுங்க. பதில் வரலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசறாங்க. டெபாசிட் மாதிரி காசா கட்டியிருந்தா அது வேற கேஸ், உங்க மாவட்ட பொருளாதார குற்றப்பிரிவுக்கு போகணும், அதுக்கு பேங்க் ஸ்டேட்மென்டும் அந்த வாட்ஸ்அப் குரூப் மெசேஜும் வேணும், அதனால கோவத்துல குரூப்ப விட்டு வெளிய வந்துடாதீங்க, முதல்ல சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணிக்குங்க.